ஸ்டோர் ரூமுக்கு ஒரு ஜன்னல்

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை கிரண்குமார் திருப்பதியிலிருந்து வரும்போதே புது வீட்டுக்கான பிளானோடு வந்தான். பெரிய தாளைத் தரையில் விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலைக்கும் டம்ளர் வைத்துவிட்டு, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டான்.

"கீரய அப்பறம் பாத்துக்கலாம். இங்க வந்து ஒக்காரும்மா."

செல்லியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கோடும் எண்ணுமாக இருந்த அந்தத் தாளில் தன் வீடு எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வெதுருகுப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தொலைவில் இருந்தது அந்த ஊர். வீடு, சர்க்கார் கட்டிக் கொடுத்த காலனி வீடு. ஒரே அறை, அதை ஒட்டிச் சமையல் செய்ய ஒரு மூலை. அவள் புருஷன் ரங்கையா கரும்பு வெட்டப் போன வருடங்களில் முன்பக்கம் ஷீட்டுப் போட்டுக் கொஞ்சம் இழுத்துவிட்டார். அவ்வளவுதான். அதற்குள்தான் மாமியார் இருந்தாள், கொழுந்தன்மார் இரண்டு பேர் இருந்தார்கள், நாத்தனார் கமலம்மா கல்யாணம் ஆகிப் போகும்வரை இருந்தாள். மாமியார் காலமாகி, கொழுந்தன்மார் தனிக் குடித்தனம் போவதற்குள் கிரண்குமார் பத்தாவதுக்கு வந்துவிட்டான். இப்போது அவன் திருப்பதியில் ஒரு லேபில் டெக்னீஷியன். பவ்யாவைக் கட்டிக்கொண்டு ஒரு வருடம் ஆகிறது.

"இது ஹால்" என்று விரலை வைத்துக் காட்டினான். "இங்க டிவி. இங்க நைனாக்கு ஒரு கட்டில், உனுக்கு ஒரு கட்டில். மேல ஃபேன். ஜம்முனு படுத்துக்கினு டிவி பாக்கலாம்."

"இது இன்னாடா?"

"இது பெட்ரூம். நாங்க வந்தா இருக்கறதுக்கு. அட்டாச்டு பாத்ரூம். பவ்யாக்கு கொல்லப்பக்கம் போய்க்கினு வந்துக்கினு இருக்கறது ஒத்து வரலம்மா."

"ஆமா, பாவம் அந்தப் பொண்ணு."

"பின்னால கிச்சன். கிச்சன் பக்கத்துல ஸ்டோர் ரூம். நெல்லு மூட்ட, கல்லக்கா மூட்ட எல்லாம் இனிமே அதுல போட்டுக்கலாம். காலு வெக்க எடம் இல்லாம கெடக்குதுன்னு சொல்லிக்கினே இருப்பியே."

செல்லியம்மா தலையாட்டினாள். அவளுக்கு நிஜமாகவே எல்லாம் பிடித்திருந்தது. மூட்டைக்கென்று தனியாக ஓர் அறை வரும் என்று அவள் எந்தக் காலத்தில் நினைத்தாள்.

வாசல் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்த ரங்கையா, "பொங்கலுக்குள்ள ஆவுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆவும் நைனா. கார்த்திகைல ஆரம்பிச்சிட்டா தைக்குப் பால் காச்சிடலாம். நீங்க ரெண்டு பேரும் அது வரைக்கும் எங்க வீட்ல இருங்க."

"மாடு?"

மாட்டைத் திருப்பதி கொர்லகுண்டாவில் மகன் குடியிருந்த மாடி வீட்டுக்கு ஏற்ற முடியாது. கடைசியில், ரங்கையா கழனியில் இருக்கும் மோட்டார் கொட்டாயில் தங்கி மாட்டையும் வேலையையும் பார்த்துக்கொள்வது, செல்லியம்மா மட்டும் திருப்பதிக்குப் போவது என்று முடிவாயிற்று. ரங்கையாவின் சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னிகா ஒரு கை குழம்பு கொடுக்கமாட்டாளா என்று எல்லோரும் அவரவர் மனதுக்குள் நினைத்துக்கொண்டார்கள்.

சாமான்களை வெளியே எடுத்த அன்றுதான் அவ்வளவு சாமான் இருந்ததே தெரிந்தது. பீரோ கன்னிகா வீட்டுக்குப் போயிற்று. அண்டா குண்டாவெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில். நாகபூஷணம் மேஸ்திரியின் ஆட்கள் முதலில் ஷீட்டைக் கழற்றினார்கள். பிறகு சமையல் மூலைச் சுவரைத் தட்டினார்கள். கரி பிடித்த சுவர் சாய்ந்ததும் அந்த இடத்தில் வெயில் வந்து விழுந்தது. செல்லியம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். ரங்கையா ரோடுவரை வந்தார். பஸ் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். அவள் ஏறினாள். அவர் திரும்பி நடந்தார். அவர்கள் வழக்கம் அப்படி.

*

கொர்லகுண்டாவில் மாடியில் இரண்டே அறை. காலையில் எட்டு மணிக்குள் கிரண்குமாரும் பவ்யாவும் கிளம்பிவிடுவார்கள். பவ்யா ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நல்ல பெண். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவாள். மாமியாரை ஒரு வேலை செய்யவிடமாட்டாள்.

"பர்வாலேது அத்தம்மா, நீங்க ரெஸ்ட் எடுங்க. நான் வந்து பாத்துக்கிறேன்."

ரெஸ்ட் எடுப்பது எப்படி என்று செல்லியம்மாவுக்குத் தெரியவில்லை. துடைத்த இடத்தையே துடைத்தாள். மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்த்தாள். பனிக்காலத்து மேகம் மலையின் பாதியை மூடியிருந்தது. கார்த்திகைச் சோமவாரத்தில் பவ்யா கபில தீர்த்தத்துக்குக் கூட்டிப்போனாள். மழையில் அருவி நிறையக் கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரை நிமிர்ந்து பார்த்தபடி நின்றபோது, கழனிக் கிணறு நிறைந்திருக்குமா என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

வந்த அன்றைக்கே சாயங்காலம் அவள் ரங்கையாவுக்குப் போன் போட்டாள்.

"இன்னாய்யா, துன்னியா?"

"துன்னேன்."

"மாடு?"

"கீது."

"செரி. வெச்சிட்றேன்."

இரண்டாம் நாளும் ஏறக்குறைய அப்படித்தான். அதற்குப் பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டார். செல்லியம்மா பயந்துபோய் எடுத்தாள்.

"ஏம்மே, ரசத்துக்குப் புளி எவ்ளோ போடறது?"

"கன்னிகா குடுக்கலியா?"

"குடுத்துக்கினுதான் கீது. தெனமும் போய் நிக்கறதுக்கு ஒரு மாதிரியா கீது. நானே ஆக்கிக்கிறேன். புளி சொல்லு."

அவள் சொன்னாள். அரை மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, ரசம் கறுப்பாக இருக்கிறது என்றார். மிளகாயைக் கருக்கியிருப்பாய் என்றாள். இல்லை, சட்டியே கருகிவிட்டது என்றார். செல்லியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். அவர் சிரிப்பைக் காதுக்குள் இவ்வளவு பக்கத்தில் கேட்டது அவளுக்குப் புதிதாக இருந்தது.

அதிலிருந்து பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. சாயங்காலம் மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போகிறவள் போனோடு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். ரங்கையா வீட்டில் இருந்தால் நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். போனில் அவருக்கு வாய் திறந்தது. எதிரில் ஆள் இல்லாதது அவருக்கு வசதியாக இருந்தது போலும். ஸ்லாப் போட்ட அன்று எத்தனை பேர் வந்தார்கள், மேஸ்திரி யாரைத் திட்டினார், மாங்காய் மரம் எப்படிப் பூத்துக்கொண்டு வருகிறது, பால் சென்ட்டரில் யார் யாரோடு சண்டை என்று எல்லாவற்றையும் சொன்னார்.

ஒருநாள் அவள், "கழனி ஓரம் கத்திரிக்கா காச்சிருக்குமே, பறிச்சிக் கொழம்பு வெச்சிக்கோயேன்" என்றாள்.



"கத்திரிக்கா எனக்கு ஆவாதும்மே. வாயெல்லாம் நமைக்கும்."

"இன்னாய்யா சொல்றே? கல்யாணம் ஆனதுலருந்து துன்னுக்கினுதானே கீறே?"

"துன்னேன்."

"சொல்றதுக்கு இன்னா?"

"யாரு முன்னாடி சொல்றது? எங்கம்மா ஒக்காந்துக்கினு இருக்கும். தம்பிங்க இருப்பானுங்க. பொண்டாட்டி ஆக்கனத வேணாம்னு சொன்னா எங்கம்மா உன்னத்தான் நாலு வார்த்த பேசும். வுடு, ரெண்டு வாய் துன்னுட்டு எழுந்துட்றதுன்னு வுட்டுட்டேன். அப்பறம் அதுவே பழகிடுச்சி."

போனை வைத்த பிறகும் செல்லியம்மா எழுந்திருக்கவில்லை. துணி மடியிலேயே கிடந்தது. ஒரு மனுஷனுக்கு எது ஆகும் எது ஆகாது என்று தெரியாமலே இத்தனை வருடம் சோறு போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது ஒரு பக்கம் வருத்தமாக இருந்தது. தனக்காக அவர் அதை யாரிடமும் சொல்லாமல் தின்றார் என்பது இன்னொரு பக்கம். அது வருத்தமில்லை. அதற்கு என்ன பேர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நைனா கிட்ட தெனமும் அப்பிடி இன்னாம்மா பேசறே?" என்று கிரண்குமார் கேட்டான்.

"மாட்டப் பத்தி" என்றாள் செல்லியம்மா. பவ்யா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் சிரிக்கிறாள் என்று தோளிலிருந்து தெரிந்தது.

*

டிசம்பர் மாதத்தில் புயல் என்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். மலை இருந்த இடமே தெரியாமல் மழை பெய்தது. முதல் நாள் சாயங்காலம் ரங்கையா பேசும்போது, வாய்க்காலில் தண்ணீர் போகிறது, வேலை நின்றுவிட்டது என்றார். மறுநாள் போன் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. கன்னிகாவின் போனும் அப்படியே.

"கரண்ட் இருக்காதும்மா. டவர் போயிருக்கும். நைனாக்கு ஒண்ணும் ஆவாது" என்றான் கிரண்குமார்.

"ஆவாதுன்னு எனக்கும் தெரியும்" என்றாள். ஆனாலும் சோறு இறங்கவில்லை.

மழை விட்ட காலையில் கிரண்குமார் லேபுக்குப் போன பிறகு, அவள் தன் பையை எடுத்து வைத்திருப்பதைப் பவ்யா பார்த்தாள். குடையையும் ஒரு பிஸ்கெட் பாக்கெட்டையும் பையில் திணித்தாள். ஸ்கூட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், வெதுருகுப்பம் போகிற பஸ்ஸைக் கேட்டுக் கண்டுபிடித்து ஏற்றிவிட்டாள்.

"கிரண் கிட்ட நான் சொல்லிக்கிறேன் அத்தம்மா. போய்ச் சேந்து யார் போன்லயாவது ஒரு வார்த்த சொல்லுங்க."

வழியில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டினார். இனிமேல் போகாது என்றார். ஆட்கள் இறங்கி நின்றார்கள். சிலர் திரும்பிப் போக வேறு வண்டி பார்த்தார்கள். செல்லியம்மா ஒரு புளியமரத்தடியில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கலங்கலாக ஓடிய தண்ணீரில் வாழைமரம் ஒன்று வேரோடு மிதந்து போயிற்று. வெயில் ஏறி, தண்ணீர் முழங்காலளவுக்கு வடிந்த பிறகு, மறுகரைக்கு உரம் ஏற்றிப் போன டிராக்டர் ஒன்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டது. மூட்டைகளின் மேல் மற்ற பெண்களோடு உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பாலத்தைத் தாண்டினாள்.

ஊருக்குள் போகாமல் நேராகக் கழனிக்கு நடந்தாள். வரப்பெல்லாம் கரைந்து கிடந்தது. மோட்டார் கொட்டாயின் கதவு சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தாள்.

உள்ளே முதலில் தெரிந்தது மாடுதான். அந்தச் சிறிய அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்று வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. மறுபாதியில், சாக்கு விரிப்பின் மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு ரங்கையா உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா" என்றார்.

"இது இன்னாய்யா கோலம்?"

"மழைல நனைஞ்சிக்கினு இருந்துச்சி. உள்ள இட்டாந்துட்டேன். ரெண்டு பேருக்கும் கதகதப்பாத்தான் கீது."

அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ந்துகொண்டிருந்தது. நான்கு நாள் தாடி. கை பட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஊரில் யார் பார்க்கிறார்கள், யார் உள்ளே வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே பழகிய கை. அன்றைக்கு அதை அவள் சட்டென்று எடுக்கவில்லை.

பிறகு மாட்டை வெளியே கட்டினாள். சாணியை வாரினாள். கன்னிகா வீட்டிலிருந்து அரிசி நொய்யும் மிளகும் வாங்கிவந்து கஞ்சி வைத்தாள். கன்னிகாவின் மகனுடைய போனுக்கு மட்டும் தெருமுனையில் டவர் கிடைத்தது. அதில் பவ்யாவுக்குச் செய்தி சொன்னாள்.

காய்ச்சல் இரண்டு நாளில் விட்டுவிட்டது. ஆனால் செல்லியம்மா திருப்பதிக்குத் திரும்பவில்லை.

*

மோட்டார் கொட்டாயில் குடித்தனம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு கயிற்றுக் கட்டில், மூன்று கல் வைத்த அடுப்பு, சுவரில் ஆணி அடித்து மாட்டிய இரண்டு பை. காலையில் பனி இறங்கிக் கழனி முழுக்க வெள்ளையாக இருக்கும். ரங்கையா பால் கறந்து கொடுத்துவிட்டு வருவதற்குள் அவள் டீ வைத்திருப்பாள். அடுப்புக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து குடிப்பார்கள். வீட்டில் எப்போதும் ஆம்பளைகள் தின்ற பிறகு பெண்கள் தின்பது. இங்கே இருந்த ஒரு சட்டியில் அப்படிப் பிரித்துத் தின்ன முடியவில்லை.

போனில் வந்த பேச்சு நேரில் வருமோ வராதோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முதல் நாள் வரவில்லைதான். அடுப்புப் புகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று தன்பாட்டில் ஆரம்பித்தார். கரும்பு வெட்டப் போன இடத்தில் மழைக்கு ஒதுங்கிய கதை. அப்புறம் முகத்தைப் பார்த்தும் பேசினார். உப்பு அதிகம் என்று சண்டை போட்டார். அவள் தன் பங்குக்கு, கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு முழு மாதம் யாருக்கும் தெரியாமல் கொல்லையில் போய் அழுததைச் சொன்னாள். எதற்கு என்று கேட்டார். ஒன்றும் இல்லை, எங்க ஆத்தா நினைப்பு என்றாள். அவர் கயிறு திரிப்பதை நிறுத்திவிட்டு, எனக்குத் தெரியாதே என்றார். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டதற்கு, யோசித்துவிட்டு, நானும் கூட வந்து நின்றிருப்பேன் என்றார்.

கழனிப் பக்கம் வந்த கன்னிகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, புதுசாக் கண்ணாலம் கட்டிக்கினவங்களாட்டம் கீறீங்க."

"போடி" என்றாள் செல்லியம்மா. முகம் சூடானது.

பூச்சு வேலை நடக்கும்போது அவள் ஒருநாள் வீட்டைப் பார்க்கப் போனாள். பனியில் பூச்சு காயவில்லை என்று நாகபூஷணம் மேஸ்திரி அலுத்துக்கொண்டார். ஒவ்வோர் அறையாகக் காட்டினார். ஹால் பெரிதாக, வெளிச்சமாக இருந்தது. வாசல் கதவு நேராக அதில்தான் திறந்தது. பெட்ரூம் கதவு அதில். கிச்சனுக்குப் போகிற வழி அதில். மாடிப் படிக்கும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"இங்கதாம்மா உங்க ரெண்டு பேரு கட்டிலும்" என்று மேஸ்திரி சுவரோரத்தைக் காட்டினார். "பிளக் பாயின்ட் கூட வெச்சாச்சி."

செல்லியம்மா அங்கே நின்று பார்த்தாள். யார் வாசலில் வந்தாலும் முதலில் இந்தக் கட்டில்தான் கண்ணில் படும். வருகிறவர்கள் அதில்தான் உட்காருவார்கள். டிவி ஓடும். கொழுந்தன் பிள்ளைகள் வருவார்கள், கிரண்குமாரின் நண்பர்கள் வருவார்கள். ரங்கையா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். மறுபடியும் நாளுக்கு நாலு வார்த்தை.

கிச்சனுக்குப் பக்கத்தில் ஸ்டோர் ரூமை எட்டிப் பார்த்தாள். இருட்டாக இருந்தது. ஒரு கட்டில் போட்டால் சுற்றி நடக்கக் கொஞ்சம் இடம் இருக்கும்.

சாயங்காலம் அதை ரங்கையாவிடம் சொன்னாள். அவர் மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

"புள்ள ஆசயாக் கட்றான். நாம போய் அத்த மாத்து இத்த மாத்துன்னா மனசு கஷ்டப்படுவான்" என்றார்.

"உனுக்கு வேணுமா வேணாமா? அத்த மட்டும் சொல்லு."

"எனக்கு இன்னா. எங்க போட்டாலும் தூங்குவேன்."

தூக்கத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மகனிடம் தானே கேட்பது என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை கிரண்குமாரும் பவ்யாவும் டைல்ஸ் மாதிரிகளோடு வந்தார்கள். ஹாலில் சிமெண்ட் மூட்டைகளின் மேல் அவற்றை வரிசையாகச் சாய்த்து வைத்து, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டான். மேஸ்திரி அரைச்சுவரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ரங்கையா வாசலில் நின்றார்.

"எல்லாமே நல்லாத்தான் கீது" என்றாள் செல்லியம்மா. "கிரணு, ஸ்டோர் ரூமுக்கு ஒரு ஜன்னல் வெச்சிடு."

"ஸ்டோர் ரூமுக்கு எதுக்கும்மா ஜன்னல்? எலி வரும்."

"நானும் உங்க நைனாவும் அதுல இருந்துக்கிறோம்."

அவன் புரியாமல் பார்த்தான். "ஹால்ல உங்களுக்கு எடம் வுட்டிருக்கேனே. ஃபேன், டிவி எல்லாம். காத்து வரும். அந்த ரூம்ல இன்னா கீது?"

"கதவு வெக்கலாமில்ல?"

மேஸ்திரி டீ கிளாஸுக்குள் பார்த்தார். கிரண்குமாரின் காது சிவந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஊர்ல இன்னா நெனச்சிப்பாங்கம்மா. இந்த வயசுல" என்றான். பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, "மூட்டயெல்லாம் எங்க போடறது?" என்று முடித்தான்.

"ஹால்ல போடு. டிவி பாத்துக்கினு கெடக்கட்டும்."

பவ்யா வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. கிரண்குமார் அவளை முறைத்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தப்பேமுந்தி கிரண், இதுல என்ன தப்பு?" என்று மெதுவாகக் கேட்டாள். "நமக்கு ஒரு ரூம் வேணும்னு நீ முதல்லயே போட்டுக்கினே இல்ல? நாம மாசத்துல ரெண்டு நாள் வரப்போறோம். அவங்க தெனமும் இருக்கப்போறாங்க."

"நைனா, நீயாவது சொல்லு" என்றான் வாசலைப் பார்த்து.

செல்லியம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன, எங்கே போட்டாலும் சரி என்று அவர் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. அவள் மட்டும் கேட்டதாகப் போய்விடும்.

ரங்கையா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். மறுபடி போட்டார்.

"ஜன்னல கெழக்கால வெக்கச் சொல்லு" என்றார். "கதவு கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

கிரண்குமார் வெளியே போய் மணல் குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டான். சிறிது நேரம் கழித்துச் செல்லியம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் மணலில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

"கோவமாடா?"

"கோவம் இல்லம்மா. பிளான் போடறப்ப எல்லாத்துக்கும் எடம் யோசிச்சேன். மூட்டைக்குக்கூட யோசிச்சேன். இது எனக்குத் தோணவே இல்ல."

"எனக்கும் தோணல. நீ பிளான் காட்டனப்ப நல்லா கீதுன்னுதானே சொன்னேன்? கொட்டாயில இருந்தப்பறம்தான் தோணிச்சி. உம்மேல இன்னா தப்பு?"

அவன் அவள் புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டான். பிறகு எழுந்து உள்ளே போனான். "மேஸ்திரி, அந்தச் செவுத்துல எவ்ளோ அகலத்துக்குக் கட் பண்ணலாம்?" என்று அவன் கேட்பது வெளியே கேட்டது. காயாத பூச்சை உடைக்கச் சொல்கிறார்களே என்று மேஸ்திரி முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே அளவு எடுத்தார்.

*

தை பிறந்து நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். சொந்தக்காரர்கள் வந்தார்கள். மாடியில் இன்னும் கைப்பிடிச் சுவர் வரவில்லை, பாத்ரூமில் ஒரு குழாய் ஒழுகியது. ஆனாலும் எல்லோரும் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். கமலம்மா ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினாள். கிச்சனுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்து, உள்ளே அகலமான கட்டிலையும் கிழக்குப் பக்கத்து ஜன்னலையும் பார்த்துவிட்டு, "இது யாருக்கு அண்ணி?" என்று கேட்டாள்.

"எங்க ரூம்" என்றாள் செல்லியம்மா.

"உங்க பையனுக்கா?"

"பையனுக்கு அந்தப் பக்கம் கீது. இது எனக்கும் உங்கண்ணனுக்கும்."

கமலம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். ஏதோ கிண்டல் செய்யப் போகிறாள் என்று செல்லியம்மா காத்திருந்தாள். கமலம்மா கட்டிலில் உட்கார்ந்து, மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தாள்.

"நல்லா கீது அண்ணி" என்றாள். "எங்க வூட்லயும் பின்னால ஒரு ரூமு சும்மாத்தான் கெடக்குது." எழுந்து போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தது. வேறு இடம் இல்லாமல் நெல் மூட்டைகள் ஹாலில் சுவரோரம் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் கொழுந்தன் பிள்ளைகள் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். செல்லியம்மா அறைக்குள் வந்து கட்டிலில் காலை நீட்டினாள். பின்னாலேயே ரங்கையா வந்தார். கதவைச் சாத்தினார். சத்தம் கொஞ்சம் அடங்கியது. புதுச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார்.

"கட்டிலத் திருப்பிப் போடலாமா?" என்றார். "ஜன்னல் பக்கம் தலை வெச்சா வெளிய தெரியும்."

"காலைல மூஞ்சில வெயிலடிக்கும்."

"அடிச்சா இன்னா, நாம அதுக்கு முன்னாடியே எழுந்துட்றமே."

"இப்பவே வேணாம். நாளிக்குப் பாக்கலாம். ஒக்காரு கொஞ்சம்."

அவர் உட்கார்ந்தார். கமலம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது என்று சொன்னார். செல்லியம்மாவும் அதைக் கவனித்திருந்தாள். டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும் என்றாள். திருப்பதிக்கு வரச் சொன்னால் கிரண் கூட்டிப்போவான் என்றார் அவர். இப்படி அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது கதவை யாரோ தட்டினார்கள். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் உள்கதவை யாரும் தட்டி அவர்கள் கேட்டதில்லை.

"நைனா, நாங்க கெளம்பறோம்" என்று வெளியிலிருந்து கிரண்குமாரின் குரல் வந்தது. "உள்ள வரலாமா?"

"வாடா, தாப்பா போடல" என்றார் ரங்கையா. சொல்லிவிட்டு, மகன் வருகிறானே என்று எழுந்து நிற்கப் போனவர், யோசித்து, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.